தாடிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்

வாட்டிகன் அருங்காட்சியக நிர்வாகத்தாருக்கும், ரோம் மாநகராட்சியின் தொல்பொருள் துறையினருக்கும்,

வணக்கம்.

இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். பொருள் ஒருவரிடம் இருக்கிறது, அது இருந்த இடம் இன்னொருவரிடம் இருக்கிறது. தனித்தனியாக எழுதினால் "அங்கே போய்க் கேளுங்கள்" என்று இருவருமே சொல்லிவிடலாம். அந்தப் பதில் எனக்கு எங்கள் ஊர் அலுவலகங்களில் நல்ல பழக்கம்.

பொருள், லூசியஸ் கொர்னேலியஸ் சிப்பியோ பார்பாட்டஸின் கல் சவப்பெட்டி. பார்பாட்டஸ் என்றால் தாடிக்காரர். கி.மு. 298-ல் ரோமின் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்), 280 வாக்கில் இறந்தவர். ஜாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலைத் தோற்கடித்த சிப்பியோ ஆப்பிரிக்கானஸுக்குக் கொள்ளுத்தாத்தா. அந்தப் பெட்டி இப்போது வாட்டிகனில், பியோ கிளெமென்டினோ பிரிவின் சதுர முன்கூடத்தில் இருக்கிறது. அது இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் இருந்த இடமோ ஆப்பியன் சாலையோரம், சிப்பியோ குடும்பக் கல்லறையில். அங்கே இப்போது நிற்பது அதன் நகல். இரண்டையும் இடம் மாற்றிவையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நான் தொல்லியல் படித்தவன் அல்ல. விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகப் போய்ச் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டு திரிகிறவன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருப்பணி என்று கற்களைக் கழற்றி மறுபடி அடுக்கினார்கள். ஒரு சாசனத்தின் முதல் பாதி வடக்குச் சுவருக்கும் மறுபாதி தரைக்கும் போய்விட்டது. கற்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் அந்தச் சாசனத்தை இனி யாரும் படிக்க முடியாது. வாட்டிகனில் பார்பாட்டஸின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

நான் போன அன்று கூட்டம் பக்கத்து எண்கோண முற்றத்தில் இருந்தது. அங்கே புகழ்பெற்ற சிலைகளான லாவோகூன் இருக்கிறார், அப்பல்லோ இருக்கிறார், கூட்டம் அங்கே போவது நியாயம்தான். எனக்கு இது வசதியாகப் போயிற்று; பெட்டியைச் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது. சாம்பல் நிற எரிமலைக் கல், ஒரே பாறையில் குடைந்தது. பார்வைக்குச் சவப்பெட்டி மாதிரியே இல்லை, பலிபீடம் மாதிரி இருக்கிறது. மேல்விளிம்பை ஒட்டி வரிசையாகப் பூக்கள். ஒரு பூவைச் செதுக்கியவர் அடுத்ததை வேறு மாதிரி செதுக்கியிருக்கிறார். மூடியின் இரு முனைகளும் ஓலையைச் சுருட்டியதுபோலச் சுருண்டிருக்கின்றன. மூடியில் பெயர் வெறும் சிவப்புச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கீழே உடற்பகுதியில் வெட்டி எழுதிய பாட்டு.

அந்தப் பாட்டைத் தமிழில் கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்: "கொர்னேலியஸ் லூசியஸ் சிப்பியோ பார்பாட்டஸ், தந்தை க்னேயஸுக்குப் பிறந்தவன், வீரன், அறிவுடையவன், ஆண்மைக்கு ஈடான அழகன், உங்களிடையே கான்சலாகவும் சென்சாராகவும் எடைலாகவும் இருந்தவன். சாம்னியத்தில் தௌராசியாவையும் கிசௌனாவையும் பிடித்தான். லுக்கானியா முழுவதையும் அடக்கினான், பிணையாட்களைக் கொண்டுவந்தான்."

(சென்சார் என்பது சினிமாக்காரர்கள் பயப்படும் சென்சார் அல்ல. குடிமக்கள் கணக்கெடுப்பும், செனட்டில் யார் இருக்கலாம் யார் கூடாது என்ற பட்டியலும் அவர் கையில். பெரிய பதவி. எடைல் என்பவர் ஊரின் பொதுக் கட்டடங்களையும் விழாக்களையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. சாம்னியமும் லுக்கானியாவும் ரோமுக்குத் தெற்கே இருந்த நாடுகள்.)

இதற்கு எங்கள் மொழியில் மெய்க்கீர்த்தி என்று பெயர். பெயரில்தான் மெய் இருக்கிறது, உள்ளே எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்பாட்டஸின் கதையும் அப்படித்தான். லிவி எழுதிய வரலாற்றில் 298-ஆம் ஆண்டுக்குப் போனால், இவர் வடக்கே எட்ருஸ்கர்களோடு வோல்டெர்ரா பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். சாம்னியர்களை வென்று ஊர்வலம் வந்தவர் உடன் கான்சல் ஃபுல்வியஸ். லுக்கானியர்களோ அந்த வருடம் தாங்களே ரோமிடம் வந்து, பிணையாட்களைத் தருகிறோம், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்கள். கல் ஒன்று சொல்கிறது, ஏடு வேறொன்று சொல்கிறது. லிவியும் முந்நூறு வருடங்களுக்குப் பிறகு எழுதியவர், அவர் பக்கம்தான் உண்மை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'கேட்டு வந்தவர்' 'அடக்கப்பட்டவர்' ஆகும் ரசவாதம் கல்வெட்டு படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல.

அதைவிட எனக்குப் பிடித்தது பாட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம். ஒன்றரை வரி அளவுக்கு எழுத்து இருந்து, உளியால் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது. தடம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கூடவே இன்னொரு விஷயம். இவருடைய மகன், கி.மு. 259-ன் கான்சல் லூசியஸின் கல்வெட்டும் வாட்டிகனில் இருக்கிறது. கோர்சிகாவையும் அலேரியா நகரையும் பிடித்தவர், புயலில் தப்பியதற்காகப் புயல் தெய்வங்களுக்குக் கோயில் கட்டியவர். அந்தக் கல்வெட்டின் லத்தீன், அப்பாவுடைய கல்வெட்டின் லத்தீனைவிடப் பழையது. அதாவது அப்பாவின் பாட்டு மகனுடையதற்குப் பிறகு எழுதப்பட்டிருக்கலாம். குடும்பம் பெரிதாகிப் புகழ் வந்த பிறகு, யாரோ ஒரு பேரனோ கொள்ளுப்பேரனோ, மூத்தவருக்கு வெறும் சிவப்புச் சாயப் பெயர் போதாது என்று நினைத்திருக்கலாம். பழைய வரிகளைக் கொத்திவிட்டுப் புதிய பாட்டை வெட்டவைத்திருக்கலாம்.

யாருக்காக? இங்கேதான் என் வழக்கே இருக்கிறது. பாட்டில் "உங்களிடையே" என்று ஒரு சொல் வருகிறது. கல் யாரையோ நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறது. அந்த "உங்கள்" யார்?

அதைத் தெரிந்துகொள்ளக் கல்லறைக்குத்தான் போக வேண்டும். பழைய ரோமின் கப்பேனா வாசலைத் தாண்டி ஆப்பியன் சாலையில் போனால் இடது கைப்பக்கம். கி.மு. 312-ல் போட்ட சாலை அது. தாடிக்காரர் இறக்கும்போது அதற்கு முப்பது வயதுக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும். சாலையோர மென்பாறையைக் குடைந்து, நான்கு தூண்களை விட்டு, சதுரமாக வெட்டிய இருட்டறை. முப்பது பேர் வரை அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள். ரோமில் பிணத்தை எரிப்பது பரவலாக இருந்த காலத்திலும் கொர்னேலியஸ் குலத்தார் புதைப்பதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கத்தை மாற்றியவர் பிற்காலத்தில் வந்த சர்வாதிகாரி சுல்லா. வாசலில் நுழைந்து நேரே பார்த்தால், நடுப் பாதையின் கோடியில், வருகிறவர்களைப் பார்த்தபடி பார்பாட்டஸின் பெட்டி. மற்றவர்களெல்லாம் சுவர் ஓரங்களிலும் மாடங்களிலும்.

குடும்பத்தில் ஒருவர் செத்தால் என்ன நடக்கும் என்று பாலிபியஸ் எழுதியிருக்கிறார். அவர் கிரேக்கத்திலிருந்து பிணையாளாக வந்து இந்தக் குடும்பத்தோடு நெருங்கிப் பழகியவர். முன்னோர்களின் முகமூடிகளை எடுத்து, உயரமும் சாயலும் ஒத்த ஆட்களுக்கு மாட்டி, அவரவர் வகித்த பதவிக்கு உரிய உடையோடு தேரில் ஏற்றி, பிணத்தோடு கூட்டிவருவார்களாம். செத்துப்போன தாத்தாக்கள் எல்லோரும் புதிதாகச் செத்தவனை வழியனுப்ப வருகிறார்கள்! அந்த ஊர்வலம் முடிந்து பிணம் கல்லறைக்குள் வரும்போது எதிரே யார்? தாடிக்காரர். "உங்களிடையே கான்சலாக இருந்தவன்" என்று அவர் சொல்வது அங்கே வந்து நிற்கிறவர்களைப் பார்த்து. தோளில் பிணத்தோடு இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து. வாட்டிகன் முன்கூடத்தில் அந்த வாக்கியத்துக்கு எதிரே ஆள் இல்லை.

மற்ற கல்வெட்டுகளையும் அந்த அறைக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆசியாட்டிக்கஸ் என்ற லூசியஸ் கி.மு. 190-ல் மக்னீசியாவில் சிரியாவின் அந்தியோக்கஸ் மன்னரை வென்றவர், ஆப்பிரிக்கானஸின் தம்பி. அவருடைய மகன் 33 வயதில் போய்விட்டான். கருவூல அதிகாரி, படைப்பிரிவுத் தலைவன் என்று இரண்டு சின்னப் பதவிகள் மட்டும். கல்வெட்டு அவற்றைச் சொல்லி, வயதைச் சொல்லி, கடைசியில் "தந்தை அந்தியோக்கஸ் அரசரை அடக்கியவர்" என்று முடிகிறது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் வேலையைவிட மாமனாரின் வேலையைப் பெரிய எழுத்தில் போடும் எங்களுக்கு இது உடனே புரியும். சிப்பியோ என்றால் லத்தீனில் கைத்தடி. குலத்தின் முன்னோர் ஒருவர் கண் தெரியாத தன் தந்தைக்கு ஊன்றுகோலாக நடந்தாராம், பெயர் அப்படி வந்ததாம். பெயர்க்கதையில் மகன் தந்தைக்குக் கோல். இந்தக் கல்லில் தந்தைதான் மகனுக்குக் கோல்.

இன்னொருவன் ஜூபிடரின் பூசாரி, பப்லியஸ். குடும்பமே படை நடத்திப் பேர் வாங்கிய குடும்பம். இவனோ குதிரையில் ஏறக் கூடாது, ஆயுதம் தாங்கிய படையைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்ற விதிகளுக்கு உட்பட்டவன். அவனிடம் கல் இப்படிப் பேசுகிறது: உன் சாவு எல்லாவற்றையும் குறுக்கிவிட்டது, பதவி, பேர், ஆற்றல், புகழ், அறிவு எல்லாவற்றையும். நீண்ட ஆயுள் கிடைத்திருந்தால் முன்னோர் புகழை எளிதில் தாண்டியிருப்பாய். ஆகவே பப்லியஸ், பப்லியஸின் மகனே, மண் உன்னை மகிழ்ந்து மடியில் ஏந்திக்கொள்கிறது.

அப்புறம் அந்த இருபது வயதுப் பையன். க்னேயஸின் மகன் லூசியஸ். ஒன்றுமே சாதிக்கவில்லை, சாதிக்க நேரம் இல்லை. பாட்டு எழுதியவர் என்ன செய்வார்? "சின்ன வயது, பெரிய அறிவு, பல நற்குணங்கள், எல்லாம் இந்தக் கல்லுக்குள்" என்று ஆரம்பிக்கிறார். ஆயுள்தான் பற்றவில்லை, மதிப்பு அல்ல என்கிறார். கடைசி வரி: இருபது வயதில் இங்கே ஒப்படைக்கப்பட்டவன், ஏன் இவனிடம் பதவி ஒப்படைக்கப்படவில்லை என்று கேட்காதீர்கள். பதவிப் பட்டியல் இல்லாதவன் அந்தக் குடும்பத்தில் எப்படிக் கூசியிருப்பான் என்பதை இதைவிடச் சொல்ல முடியாது. எதிரே கான்சல், சென்சார், எடைல் என்று அடுக்கிக்கொண்டு தாடிக்காரர் இருந்தால்தான் "கேட்காதீர்கள்" என்பதன் கனம் தெரியும். வாட்டிகனில் அந்தப் பலகையும் சுவரில்தான் இருக்கிறது, தெரியும். ஒரே சுவரில் ஒட்டவைத்தால் தொகுப்பு ஆகலாம். அறை ஆகாது.

பவுல்லா கொர்னேலியா என்ற ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறார், ஹிஸ்பால்லஸின் மனைவி. அவருக்குப் பாட்டு இல்லை. பெயரும் கணவன் பெயரும் மட்டும். ஆப்பிரிக்கானஸின் மகள் கொர்னேலியா, பன்னிரண்டு பெற்று மூன்றை மட்டும் வளர்த்தவர், டாலமி மன்னர் பெண் கேட்டும் மறுத்தவர், அவருக்கு ஊரின் நடுவிலேயே சிலை வைத்தார்கள். அதன் பீடம் 1878-ல் கிடைத்து இப்போது ரோம் மாநகராட்சியின் கப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "ஆப்பிரிக்கானஸின் மகள், கிராக்கஸ் சகோதரர்களின் தாய்." ஏழைகளுக்கு நிலம் பங்கிட முயன்ற அந்த இரண்டு மகன்களில் மூத்தவனான திபேரியஸைக் கி.மு. 133-ல் கூட்டம் சேர்த்துப் போய் அடித்துக் கொன்றவர் யார்? சிப்பியோ நாசிகா. தாய்வழிச் சொந்தம். குடும்பப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுவார்கள்.

ஆப்பிரிக்கானஸ் அங்கே இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அவர் இல்லாததும் அந்த அறையின் ஒரு பகுதிதான். 25 வயதில் ஸ்பெயினுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்பாவும் பெரியப்பாவும் அங்கே அடுத்தடுத்து மாண்டிருந்தார்கள். வெற்றிமேல் வெற்றி: 209-ல் புதிய கார்த்தேஜ், 206-ல் இலிப்பா, 202-ல் ஜாமா. அதற்குப் பிறகு கணக்குக் கேட்டார்கள். அந்தியோக்கஸிடம் வாங்கிய 3,000 டாலண்டுக்கு (டாலண்ட் என்பது வெள்ளியை அளக்கும் பெரிய எடை) கணக்கு எங்கே என்று செனட்டில் ஒருவர் எழுந்ததும், கணக்குப் புத்தகத்தை வரவழைத்து எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். இனி வரப்போகும் 15,000 டாலண்ட் எப்படி வந்தது என்று ஏன் கேட்கவில்லை என்றாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேர்மையான ஆள் புத்தகத்தைக் கிழிப்பானா? எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் இருக்கிறது. வெறுத்துப்போய் கம்பானியாவில் லிட்டெர்னம் என்ற ஊரில் ஒதுங்கி, அங்கேயே இறந்தார். நன்றி கெட்ட நாடே, என் எலும்புகூட உனக்குக் கிடையாது என்று கல்லறையில் எழுதச் சொன்னதாக ஒரு கதை. தத்துவ அறிஞர் செனெக்கா பிற்காலத்தில் அந்த வீட்டில் போய்த் தங்கியிருக்கிறார். குளியலறை சின்னது, இருட்டு, ஜன்னல் என்று சொல்ல முடியாத வெறும் துவாரங்கள் என்று எழுதுகிறார். ஆப்பியன் சாலைக் கல்லறையில் ஆப்பிரிக்கானஸ், தம்பி லூசியஸ், கவிஞர் என்னியஸ் ஆகியோருடைய சிலைகள் நின்றதாக லிவி சொல்கிறார். உடல் இல்லை, சிலை மட்டும்.

சரி, உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். 1780-ல் சாஸ்ஸி சகோதரர்கள் தங்கள் திராட்சைத் தோட்டத்து மதுக் கிடங்கைப் பெரிதாக்கத் தோண்டியபோது கல்லறை வெளிப்பட்டது. போப் ஆறாம் பயஸ் முக்கியமான கற்களை எடுத்துவரச் செய்தார். அன்றைய ரோமில் விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே கல்லறையின் ஒரு மூலையில் இடைக்காலத்துச் சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. பளிங்கைப் போட்டு எரித்துச் சுண்ணாம்பாக்கிய காளவாய். ஆகவே எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ரோமுக்கும் போப்தான் அரசர். வீட்டு முற்றத்தில் கிடந்ததை வீட்டுக்குள் எடுத்துவைத்த மாதிரி. 1870-ல் ரோம் இத்தாலியின் கைக்கு வந்தது, 1929-ல் வாட்டிகன் தனி நாடு ஆயிற்று. கல் வாட்டிகனில் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது இப்போது வெளிநாட்டில் இருக்கிறது.

ஈரம் என்பீர்கள். மாநகராட்சி நண்பர்களே, இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். 1992-ல் மூடிய கல்லறை 2011-ல்தான் மறுபடி திறந்தது. பராமரிப்பு வேலை நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தொன்பது வருடம் பூட்டிவைத்த கதவைக் காட்டி "எங்களிடம் தாருங்கள்" என்று கேட்டால் எந்த அருங்காட்சியகமும் தயங்கும். இனி பூட்டாமல் வைத்திருக்க என்ன ஏற்பாடு, ஈரத்தை அளக்க என்ன ஏற்பாடு என்பதை முதலில் எழுத்தில் கொடுங்கள். இந்தப் பெட்டி பளிங்கு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். எரிமலைக் கல், அந்தப் பாறைக்குள்ளேயே இருபது நூற்றாண்டு தாக்குப்பிடித்த கல்.

வாட்டிகன் பெரியவர்களே, கொடுத்தால் வழக்கமாகிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். வழக்கத்தை நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். 2023 மார்ச்சில் ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தினானின் சிற்பத் துண்டுகள் மூன்று உங்களிடமிருந்து ஏதென்ஸுக்குப் போயின. ஒரு குதிரைத் தலை, ஒரு சிறுவன் தலை, ஒரு தாடிக்காரர் தலை. அந்தத் தாடிக்காரர் கடல் கடந்து போனார். இவர் டைபர் ஆற்றைத் தாண்டினால் போதும்.

நடைமுறை என்று பார்த்தால் இவ்வளவுதான்: பெட்டி கல்லறைக்கு, கல்லறை நகல் முன்கூடத்துக்கு. பெரிய மாற்றமாகத் தோன்றினால் முதலில் ஐந்து வருடக் கடனாகக் கொடுத்துப் பாருங்கள். இருபது வயதுப் பையனின் பலகையையும் கூடவே அனுப்புங்கள். மற்றவை இருக்கட்டும், இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்க வேண்டியவர்கள்.

பெட்டி காலியாகத்தான் போகும் என்பது தெரிந்ததுதான். கல்லறையில் கிடைத்த எலும்புகளை வெனிஸ் செனட்டர் ஆஞ்செலோ குயிரினி வாங்கிப்போய்ப் பதுவா அருகே தன் தோட்டத்தில் வைத்துக்கொண்டார். ஒரு தங்க மோதிரமும் கிடைத்தது, வெற்றித் தேவதை செதுக்கியது. அது போப்பின் கைக்குப் போய், கைமாறிக் கைமாறி இங்கிலாந்தில் ஒரு பிரபு வீட்டுச் சேகரிப்பில் சேர்ந்தது. அதற்கு அங்கே தனியாக ஒரு மடல் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசகன் ஒருவன்